பூஜை அறைக்கு ஒரு தேக்கு... பாவமா, புண்ணியமா?

அயனம்பாக்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடி லலிதா சகஸ்ரநாமம் பாராயணம் செய்கிற சகோதரிகள் சிலர், நைவேத்தியச் சுண்டல் கைமாறுகிற நேரத்தில் ஒரு கேள்வி கேட்டார்கள்.

''புது வீடு கட்டுகிறோம். பூஜை அறைக் கதவு நல்ல தேக்கில் இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. நடுவில் கஜலட்சுமி, சுற்றிலும் சின்னச் சின்ன மணிகள்... ஆனால், அந்தக் கதவுக்காக எங்கோ ஒரு காட்டில் ஒரு மரம் விழுந்திருக்குமே! சாமிக்காகத்தானே, அதில் பாவம் உண்டா? 'வெட்டாதே' என்று மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்களாமே சில ஊர்ப் பெண்கள், அது புண்ணியமா, அல்லது ஒருவர் பிழைப்பைக் கெடுக்கிற காரியமா?''

சின்னக் கேள்விதான். ஆனால், 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. இதற்குள் நம் பக்தி, நம் வீடு, எங்கோ இருக்கிற ஏழை, எப்போதோ பிறக்கப் போகிற நம் பேரன் பேத்தி என்று எல்லோரும் இருக்கிறார்கள். கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஊர்ப் பெயரிலேயே காடு!

பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அயனம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே திருவேற்காடு. வேல மரங்கள் நிறைந்த காடு என்பதால் வேற்காடு. நான்கு வேதங்களும் வேல மரங்களாக நின்று ஈசனை வழிபட்டன என்கிறது ஸ்தல புராணம். அதனால்தான் அங்கே அருளும் சுவாமிக்கு வேதபுரீஸ்வரர் என்று திருநாமம். பூந்தமல்லியைத் தாண்டினால் மாங்காடு. மாமரக் காட்டில் காமாட்சி அன்னை பஞ்சாக்னி நடுவே தவம் செய்த இடம். இன்னும் மேற்கே போனால் திருவாலங்காடு. ஆலமரக் காட்டில் ஆடல்வல்லானின் ரத்தின சபை!

வேல், மா, ஆல்... நம் முன்னோர்கள் முதலில் மரத்தைப் பார்த்தார்கள். பிறகு, அந்த மரத்தடியில் இறைவனைப் பார்த்தார்கள். கோயிலும் கோபுரமும் அதற்குப் பிறகு வந்தவை. இன்று வேற்காட்டில் காடு இல்லை, மாங்காட்டில் மாந்தோப்பைத் தேட வேண்டியிருக்கிறது. காட்டின் ஞாபகமாக மிஞ்சியிருப்பது ஊர்ப் பெயரும், கோயில் பிராகாரத்து ஸ்தல விருட்சமும்தான்.

இதே வட்டாரத்தில் இருக்கும் திருமுல்லைவாயிலின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். புழல் கோட்டையில் இருந்த குறும்பர்களை எதிர்த்துப் போருக்கு வந்த தொண்டைமான் மன்னனின் யானை, முல்லைக் கொடிகளில் கால் சிக்கி நின்றுவிட்டது. வழியை அடைக்கிற கொடிதானே என்று மன்னன் வாளை வீசினான். கொடியிலிருந்து ரத்தம்! பதறிப்போய் இறங்கி விலக்கிப் பார்த்தால், உள்ளே வாள் பட்ட காயத்தோடு சிவலிங்கம். 'என்ன காரியம் செய்துவிட்டேன்' என்று தன் தலையையே அரிந்துகொள்ளத் துணிந்த மன்னனைத் தடுத்து ஆட்கொண்டார் மாசிலாமணீஸ்வரர். அவனுக்குத் துணையாக நந்தியையும் அனுப்பினார். அதனால்தான் அங்கே நந்தி இறைவனைப் பார்க்காமல் வெளியே பார்த்தபடி இருக்கிறார் என்பது ஐதீகம்.

இந்தக் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த மன்னன் கெட்டவன் அல்ல. சிவ பக்தன்தான். அவன் செய்த தவறு வெட்டியது என்பதைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வெட்டியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கான பதிலின் ஒரு நுனி இங்கேதான் இருக்கிறது.

சாஸ்திரம் என்ன சொல்கிறது?

'மரத்தை வெட்டவே கூடாது' என்று நம் சாஸ்திரங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேர் ஏது, கொடிமரம் ஏது, ஹோமத்துக்கு சமித்து ஏது? வீட்டுக்கு நிலைவாசல் ஏது?

வராகமிகிரர் எழுதிய 'பிருஹத் சம்ஹிதை'யில், விக்கிரகத்துக்கு மரம் எடுக்கக் காட்டுக்குள் போவது எப்படி என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எந்த மரத்தைத் தொடக்கூடாது என்று அதில் ஒரு பெரிய பட்டியல். கோயிலில் நிற்கிற மரம், நதிகள் சேரும் இடத்து மரம், பறவைகள் கூடு கட்டியிருக்கிற மரம் என்று அது நீள்கிறது. தேர்ந்தெடுத்த மரத்தையும் உடனே வெட்டிவிட முடியாது. முதல் நாள் இரவு அந்த மரத்துக்குப் பூஜை செய்து, படையல் வைத்து, 'இதில் குடியிருக்கும் ஜீவராசிகளே, தயவுசெய்து வேறு இடத்துக்குச் செல்லுங்கள், எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று பிரார்த்திக்க வேண்டும். மறுநாள்தான் கோடரி.

வாடகைக்குக் குடியிருப்பவரை வெளியேற்ற நாம் நோட்டீஸ் கொடுப்பதில்லையா? அதுபோல, ஒரு மரத்துக்கும், அதில் வாழும் குருவிக்கும் எறும்புக்கும் நோட்டீஸ் கொடுக்கச் சொன்ன தேசம் இது!

பூரி ஜெகந்நாதரை எடுத்துக்கொள்ளுங்கள். பகவானே தாரு என்னும் மரத்தால் ஆன திருமேனியோடு இருக்கிறார். அவர் புதுத் திருமேனி எடுக்கும் நவகளேபரம் கடைசியாக 2015-ல் நடந்தது. அதற்கான வேப்பமரங்களைத் தேடிப்போகிறவர்கள் கையில் கிடைத்த மரத்தை வெட்டுவதில்லை. சங்கு, சக்கர அடையாளங்கள் உண்டா என்று பார்த்து, மரத்தடியில் யாகம் செய்த பிறகே வெட்டுகிறார்கள். அந்தக் கோயிலின் மூன்று ரதங்களும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுபவை. இதற்கு 865 மரத்துண்டுகள் தேவை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் இவ்வளவு மரத்துக்குக் காடு எங்கே போகும்? ரதத்துக்கான மரங்களை வளர்ப்பதற்காகவே 'ஜெகந்நாதர் வனம்' என்ற திட்டத்தை ஒடிசாவில் தொடங்கினார்கள். சுவாமியின் பேரன் காலத்து ரதத்துக்கு இன்றே கன்று நடுகிற காரியம் இது.

ஆக, சாஸ்திரம் வெட்டுவதைத் தடுக்கவில்லை. கேட்காமல் வெட்டுவதையும், அளவில்லாமல் வெட்டுவதையும், வெட்டிவிட்டு மறந்துபோவதையும்தான் தடுக்கிறது.

வன்னிக்காக உயிரைக் கொடுத்தவள்

இனி இரண்டாவது கேள்வி. தடுத்து நிற்பது புண்ணியமா?

விஜயதசமி அன்று வன்னி மரத்தை வலம் வருகிறோமே... பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்த மரம். திருவான்மியூர் உள்ளிட்ட தலங்களில் ஸ்தல விருட்சம். ராஜஸ்தான் பாலைவனத்தில் இதே வன்னியை 'கேஜ்ரி' என்கிறார்கள். அங்கே பிஷ்னோய் என்ற சமூகத்தினர், தங்கள் குரு ஜாம்போஜி வகுத்துக் கொடுத்த 29 நெறிகளின்படி வாழ்கிறார்கள். பச்சை மரத்தை வெட்டக்கூடாது என்பது அவற்றில் ஒன்று.

1730-ல் ஜோத்பூர் மன்னரின் அரண்மனைக் கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு தேவைப்பட்டது. அருகில் இருந்த கேஜ்ரலி கிராமத்துக்கு ஆட்கள் கோடரியோடு வந்தார்கள். வீட்டு வேலையாக இருந்த அமிர்தா தேவி என்ற பெண்மணி ஓடிவந்து மரத்தைக் கட்டிக்கொண்டார். கோடரி நிற்கவில்லை. அவருக்குப் பிறகு அவருடைய மூன்று பெண்களும் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் விட்டார்கள். செய்தி பரவி, சுற்று வட்டாரத்து பிஷ்னோய் மக்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மொத்தம் 363 பேர்! அதன் பிறகே மன்னர் வெட்டுவதை நிறுத்தி, பிஷ்னோய் கிராமங்களில் மரம் வெட்டத் தடை விதித்தார். இன்றும் செப்டம்பர் 11-ஆம் தேதியை வனத் தியாகிகள் தினமாக நம் நாடு அனுசரிக்கிறது.

கவனியுங்கள்... வெட்டச் சொன்னவர் அரசர். சட்டம் அவர் பக்கம். ஆனால், இன்று நாம் கைகூப்புவது யாரை நினைத்து?

'இது எங்கள் தாய் வீடு!'

அடுத்தது இமயமலை. பத்ரிநாத் யாத்திரை போனவர்கள் ஜோஷிமட்டைக் கடந்திருப்பீர்கள். அங்கிருந்து நீதி பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பினால் ரேணி என்ற சின்ன கிராமம். 1974-ல் அந்த ஊர்க் காட்டில் சுமார் 2,500 மரங்கள் வெட்டுவதற்கு ஏலம் விடப்பட்டிருந்தன. மார்ச் 26-ஆம் தேதி. பல வருடங்களாக இழுத்தடிக்கப்பட்ட நில நஷ்டஈட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ள ஊர் ஆண்கள் எல்லோரும் சமோலிக்கு வரவழைக்கப்பட்டிருந்தார்கள். அந்த நாளில்தான் மரம் வெட்டும் ஆட்கள் காட்டுக்குள் நுழைந்தார்கள்.

ஒரு சிறுமி பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாள். ஊர் மகளிர் சங்கத் தலைவி கௌரா தேவி. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு வந்த பெண்களும் சிறுமிகளுமாக 27 பேர் அவர் பின்னால் காட்டுக்குப் போனார்கள். கெஞ்சினார்கள். மிரட்டலுக்கும் அசையாமல் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ராத்திரி முழுவதும் காவல் காத்தார்கள். வந்தவர்கள் திரும்பிப்போனார்கள்.

இந்தக் காடு எங்கள் பிறந்த வீடு என்றாராம் கௌரா தேவி. ஆடி மாதம் சீர் கொடுத்து அழைக்கிற, பிரசவத்துக்குப் போய் இறங்குகிற, கஷ்டம் வந்தால் முதலில் நினைவுக்கு வருகிற இடம் நமக்கு எதுவோ, அந்தப் பெண்களுக்கு அது காடு. கீரையும், விறகும், மாட்டுக்குத் தீவனமும், தண்ணீரும் கொடுத்து அனுப்புகிற அம்மா வீடு!

'சிப்கோ' என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட இயக்கம் இதுதான். 'கட்டிக்கொள்' என்று அர்த்தம். அரசு ஒரு நிபுணர் குழு அமைத்து, அலக்நந்தாவின் மேல் நீர்ப்பிடிப்புப் பகுதியில் சுமார் 1,200 சதுர கிலோ மீட்டரில் வியாபாரத்துக்காக மரம் வெட்டுவதைப் பத்து ஆண்டுகளுக்கு நிறுத்தியது. நம் பக்கத்து மாநிலத்திலும் இதன் எதிரொலி கேட்டது. 1983 செப்டம்பர் 8-ஆம் தேதி, கர்நாடகாவில் உத்தர கன்னட மாவட்டத்தின் சல்கானி கிராமத்து மக்கள் 'அப்பிகோ' என்று மரங்களைத் தழுவிக்கொண்டார்கள். தொன்மையான கலப்புக் காட்டை அழித்துவிட்டு வரிசை வரிசையாகத் தேக்கு மட்டும் நடுவதை அவர்கள் எதிர்த்தார்கள். தேக்குத் தோப்பு வேறு, காடு வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால், பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். சிப்கோ முதலில் ஆரம்பித்தது, 'வெட்டவே வெட்டாதே' என்று அல்ல. ஏருக்கும் நுகத்தடிக்கும் உதவுகிற, லேசான ஆனால் உறுதியான ஒரு மரத்தை அந்த மலை மக்கள் கேட்டார்கள். வனத்துறை மறுத்துவிட்டது. அதே மரத்தை, விளையாட்டுச் சாமான் செய்கிற வெளியூர் கம்பெனி ஒன்றுக்கு ஒதுக்கிக் கொடுத்தது. 'எங்கள் கலப்பைக்கு இல்லாத மரம், எங்கோ விளையாடுகிறவர்கள் மட்டைக்கு உண்டா?' என்ற கேள்வியில்தான் 1973-ல் எல்லாம் தொடங்கியது.

ஆகவே, கட்டிப்பிடித்தவர்களும் மரத்தைத் தொடாதவர்கள் அல்லர். தேவைக்கு எடுத்தார்கள். பேராசையைத் தடுத்தார்கள்.

கணவரையே எதிர்க்கலாமா?

சகோதரிகளுக்குச் சங்கடமான ஓர் இடம் இனிமேல்தான் வருகிறது. அதே சிப்கோ இயக்கத்தில், 1977-ல் அத்வானி என்ற கிராமத்தில் பச்னி தேவி என்ற பெண்மணி மற்ற பெண்களைத் திரட்டிக்கொண்டு காட்டைக் காக்கக் கிளம்பினார். மரம் வெட்டும் கான்ட்ராக்ட் எடுத்திருந்தது யார் தெரியுமா? ஊர்த் தலைவரான அவருடைய கணவர்தான்!

பெண்கள் மரங்களுக்கு ராக்கி கட்டினார்கள். 'நீ என் சகோதரன், உன்னைக் காப்பேன்' என்று அர்த்தம். வன அதிகாரிகள் வந்தபோது, பட்டப்பகலில் கையில் எரிகிற லாந்தர் விளக்கோடு நின்றார்கள். 'உங்களுக்கு வெளிச்சம் காட்ட வந்திருக்கிறோம்' என்பது அதன் பொருள்.

கணவர் செய்கிற தொழிலுக்கு எதிராக மனைவி நிற்பது தர்மமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். குடும்பம் அதில்தானே சாப்பிடுகிறது? ஆனால், 'சகதர்மிணி' என்ற வார்த்தைக்கு என்ன பொருள்? தர்மத்தில் கூட நடப்பவள். அதர்மத்திலும் கூடவே நடக்க வேண்டும் என்று அந்த வார்த்தை சொல்லவில்லை. ராவணனிடம் 'சீதையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்' என்று எடுத்துச் சொன்ன மண்டோதரியை நாம் பஞ்ச கன்னியரில் ஒருவராகவே போற்றுகிறோம். புருஷனை விட்டுக்கொடுத்தவள் என்று யாரும் சொல்வதில்லை. அவர் தலையில் பாவம் ஏறாமல் பார்த்துக்கொள்ள முயன்றவள் என்றே சொல்கிறோம்.

நம் வீடுகளில் அத்தனை பெரிய சோதனை வராது. 'இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாமே' என்று சொல்கிற அளவுக்குத்தான் வரும். அதைச் சொல்லக்கூடத் தயங்கினால் எப்படி?

கூடலூரிலிருந்து டெல்லி வரை

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. நீலகிரி மாவட்டத்தின் கூடலூர். தேக்கும் ஈட்டியும் ஓங்கி வளர்ந்த காடு. அதன் ஒரு பகுதி ஒருகாலத்தில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்து, பிறகு அரசின் கைக்குப் போனது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு, தாம் அறிந்த அந்தக் காட்டில் மரங்கள் வெட்டப்படுவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், 1995-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சொத்து திரும்ப வேண்டும் என்று அல்ல, மரம் நிற்க வேண்டும் என்று!

1996 டிசம்பர் 12-ஆம் தேதி தீர்ப்பு போன்ற ஓர் உத்தரவு வந்தது. நிலம் யாருக்குச் சொந்தமானாலும், அகராதிப்படி எது காடோ அது சட்டத்தின் பார்வையிலும் காடுதான், மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அங்கே காடு அல்லாத வேலைகள் கூடாது என்றது நீதிமன்றம். கூடலூரில் விழுந்த மரங்களுக்காகக் கேட்ட நியாயம், தேசத்துக் காடுகள் அனைத்துக்கும் கிடைத்தது. திருமுல்பாடு 2016-ல் காலமானார். வழக்கு அவர் பெயரிலேயே இன்னமும் பேசப்படுகிறது. 2023-ல் வனச் சட்டம் திருத்தப்பட்டபோது மறுபடியும் வழக்கு வந்தது. 2024 பிப்ரவரியில், இப்போதைக்கு அந்தப் பழைய விளக்கத்தையே பின்பற்றுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்னொரு பக்கமும் உண்டு

இவ்வளவு சொல்லிவிட்டு, மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் அதுவும் அதர்மம்தான்.

கொலுப் படியில் முதலில் வைக்கிறோமே மரப்பாச்சி, அது செம்மரத்தில் செய்வது. உலகத்தில் இயற்கையாக இந்தச் செம்மரம் வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். ஏழுமலையான் குடிகொண்ட சேஷாசலக் காடுதான் அதன் முக்கியமான வீடு. வெளிநாடுகளில் அதற்கு இருக்கிற விலையால், திருட்டுத்தனமாக வெட்டிக் கடத்துகிறார்கள். வெட்டுவதற்குக் கூலியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் நம் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் பக்கத்து மலை கிராம ஏழைகள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி அந்தக் காட்டில் ஆந்திரப் போலீசாரால் 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மரத்தை விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர்கள் அந்தக் காட்டில் இல்லை. இருந்தவர்கள் தினக்கூலிக்குப் போனவர்கள்.

காட்டைக் காப்பது தர்மம் என்றால், அந்த 20 வீடுகளில் அழுத பெண்களுக்கு நாம் என்ன சொல்வது? மரமும் ஒரு உயிர், மனிதனும் ஒரு உயிர். ஏழையின் உயிரை எடுத்து மரத்தைக் காத்தால், அந்த மரத்தடியில் எந்தச் சாமி உட்காரும்?

இதற்குப் பதில் ஜார்க்கண்டில் கிடைக்கிறது. அங்கே முதுர்காம் என்ற கிராமத்துக்கு 1998-ல் கல்யாணமாகி வந்தவர் ஜமுனா துடு. நம் பூஜையில் தூபத்துக்குப் போடுகிறோமே குங்கிலியம், அந்தப் பிசினைத் தருகிற சால மரக் காடு அது. மரக் கடத்தல்காரர்கள் அதை அழித்துக்கொண்டிருந்தார்கள். புதுப் பெண்ணாக வந்தவர், அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒரு சிலரைச் சேர்த்துக்கொண்டு கம்பும் அரிவாளுமாகக் காட்டைச் சுற்றி வர ஆரம்பித்தார். தாக்கப்பட்டார். அவருடைய கணவரும் காயப்பட்டார். ஆனால், குழுக்கள் ஊர் ஊராகப் பெருகின. ரக்ஷா பந்தன் அன்று மரங்களுக்கு ராக்கி கட்டுகிறார்கள். 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

காட்டைப் பாதுகாப்பது துப்பாக்கியால் முடிகிற காரியம் அல்ல, அதன் நிழலில் வாழ்கிறவர்கள் 'இது நம்முடையது' என்று நினைத்தால்தான் முடியும். விறகும் இலையும் பிசினும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அப்போதுதான் கடத்தல்காரன் கூலி கொடுத்துக் கூப்பிட்டாலும் போகமாட்டார்கள். நம் ஊர்க் கோயில் காடுகள் தலைமுறை தலைமுறையாக நின்றதும் இப்படித்தான். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் உள்ள வீரகோயில் காட்டை, 2025-ல் தமிழக அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அளவில் ஐந்து ஹெக்டேருக்கும் கொஞ்சம் குறைவு. அதைக் காத்தது வேலி அல்ல. சாமி காட்டில் கை வைக்கக்கூடாது என்ற ஊராரின் பயபக்தி!

காத்தும் வெள்ளம் வந்ததே?

'காட்டைக் காத்த ரேணி கிராமத்துக்கு என்ன நடந்தது?' என்று கேட்பவர்களும் உண்டு. 2021 பிப்ரவரி 7-ஆம் தேதி, மலை உச்சியிலிருந்து பாறையும் பனியும் சரிந்து ரிஷிகங்காவில் பெருவெள்ளம் வந்தது. ரேணி அருகே இருந்த மின் நிலையம் அடித்துச் செல்லப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

மரத்தைக் காத்தால் ஒரு துன்பமும் வராது என்று எந்த தெய்வமும் வாக்குக் கொடுக்கவில்லை. அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு வாழ்க்கையில் கஷ்டமே வராதா? வரத்தான் செய்கிறது. அதற்காக அவள் செய்தது வீண் என்று ஆகிவிடுமா? புண்ணியம் என்பது பண்டமாற்று அல்ல. செய்ய வேண்டியதைச் செய்தோம் என்ற நிம்மதிதான் அதன் முதல் பலன்.

சரி, நாம் என்ன செய்வது?

நாம் யாரும் இமயமலைக்குப் போய் மரத்தைக் கட்டிக்கொள்ளப் போவதில்லை. அயனம்பாக்கத்தில் இருந்தபடியே செய்ய நிறைய இருக்கிறது.

கதவு வாங்கும்போது, மரக்கடையில் 'இது எந்த ஊர் மரம், பில் உண்டா, வனத்துறை அனுமதிச் சீட்டோடு வந்ததா?' என்று கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டு மரத்தில் கஜலட்சுமியைச் செதுக்கினால் லட்சுமி எப்படி வாசம் செய்வாள்? பழைய வீடுகளை இடிக்கிறபோது நல்ல வைரம் பாய்ந்த கதவு, உத்தரம், நிலை எல்லாம் விலைக்கு வருகின்றன. ஏற்கெனவே விழுந்துவிட்ட அந்த மரத்துக்கு இரண்டாவது ஆயுள் கொடுப்பது எவ்வளவு நல்ல காரியம்! பாட்டி தந்த மரப்பாச்சி இருக்கும்போது புதுசு எதற்கு? அதற்கே புதுப் பட்டுத் துணி உடுத்திக் கொலுவில் வையுங்கள்.

அரசமரமும் வேப்பமரமும் இணைந்து நிற்கிற தெருமுனைப் பிள்ளையாரைப் பாருங்கள். பக்தியோடுதான் மேடை கட்டியிருப்பார்கள். ஆனால், சிமென்ட் மரத்தின் கழுத்தை நெரிக்கிற மாதிரி அடிவரை வந்திருக்கும். வேர் மூச்சு விட நாலடி மண் விடச் சொல்லுங்கள். சூலத்தையும் பெயர்ப் பலகையையும் மரத்தில் ஆணி அடித்து மாட்ட வேண்டாம். அகல் விளக்கைப் பட்டையை ஒட்டி வைக்காமல் ஓரடி தள்ளி வையுங்கள். வேண்டுதலுக்கு பிளாஸ்டிக் பையோ நைலான் கயிறோ கட்டாமல், பருத்தி மஞ்சள் நூல் கட்டுங்கள். அதைத் தளர்வாகக் கட்டுங்கள். வளர்கிற உயிர் அல்லவா!

தெருவில் ஒரு பழைய மரத்தை வெட்ட ஆள் வந்தால், சண்டை போட வேண்டாம். 'அனுமதி இருக்கிறதா?' என்று கேளுங்கள். அரசு நிலத்து மரங்களுக்காகக் கலெக்டர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. பாராயணக் குழுவில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தால், அதுவும் ஓர் அர்ச்சனைதான். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னை முழுக்க ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தது ஞாபகம் இருக்கும். காலியான அந்த இடங்களில் வேம்பு, புங்கை, மகிழம், வன்னி, புன்னை என்று இந்த மண்ணுக்கு உரிய மரமாகப் பார்த்து நடலாம். மெதுவாகத்தான் வளரும். அதனால்தான் வைரம் பாய்கிறது.

திருவொற்றியூர் மகிழ மரத்தை நினைத்துப் பாருங்கள். 'உன்னைப் பிரியேன்' என்று சங்கிலி நாச்சியாருக்கு சுந்தரர் சத்தியம் செய்து கொடுத்தது அதன் அடியில்தான். சந்நிதியில் சத்தியம் செய்யும்போது ஈசன் மகிழ மரத்துக்குப் போய்விட வேண்டும் என்று சுந்தரர் கேட்டுக்கொண்டதும், இறைவனோ அதைச் சங்கிலியார் அறியச் செய்ததும், அவர் சார்பில் 'மகிழின் கீழே சத்தியம் செய்யுங்கள்' என்று தோழியர் சொன்னதும் நமக்குத் தெரியும். கருவறையில் இருக்கிறவர் மரத்திலும் இருக்கிறார் என்பதுதானே இதன் உட்பொருள்?

இப்போது கேள்விக்கு வருவோம். சாமிக்காக ஒரு மரத்தை வெட்டுவது பாவமா? கேட்டு, அளவோடு எடுத்து, எடுத்ததற்கு ஈடாக வளர்த்தால் பாவம் இல்லை. 'சாமிக்குத்தானே' என்று சொல்லி நம் ஆடம்பரத்துக்கு வெட்டினால், அது சாமி பெயரில் நாம் எழுதுகிற கடன். வெட்டுவதைத் தடுப்பது புண்ணியமா? அந்தக் காட்டை நம்பி வாழும் ஏழையையும் சேர்த்துக் காத்தால், சந்தேகமே இல்லாமல் புண்ணியம்தான்.

தேக்கில் கதவு போட்டால், அந்தக் கதவின் முன் முதல் விளக்கு ஏற்றுகிற அன்றே வாசலிலோ கோயில் நந்தவனத்திலோ ஒரு கன்று நட்டு, அதற்கும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வேற்காட்டில் வேதங்களே மரமாக நின்றன என்றால், அந்தத் தண்ணீர் எந்த தெய்வத்துக்குப் போய்ச் சேரும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? கருமாரி அன்னையும், மாங்காட்டு காமாட்சியும் உங்கள் இல்லத்தையும் உங்கள் தெருவின் நிழலையும் சேர்த்தே காக்கட்டும்!